மூன்றாவது முடிச்சு

அன்புள்ள மகனுக்கு,

"இங்கே எல்லோரும் சுகம்" என்றுதான் முதலில் எழுதினேன். உன் அம்மா முறத்தோடு பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, புள்ளைக்கு மொத வரியிலயே பொய்யா?" என்றாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்டதிலிருந்து இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு கடிதம் எழுத முடிவதில்லை. ஆகையால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்திருக்கிறேன். உடம்பு சுகம். மனசு சுகமில்லை. பம்பாயில் உட்கார்ந்திருக்கிற உனக்கு இதைச் சொல்லிக் கவலை ஏற்ற வேண்டாம் என்று எட்டு மாதமாக மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது உன் கல்யாணம் வந்துவிட்டது. இனி மாட்டை வைத்துக் காலம் தள்ள முடியாது.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி வீட்டார் ஐயர் வைத்து, ஓமம் வளர்த்துக் கல்யாணம் நடக்க வேண்டும் என்கிறார்கள், அதற்குச் சம்மதம் சொல்லிவிடலாமா என்பது ஒன்று. சொல்லிவிட்டேன். எத்தனை கட்டை வேண்டுமோ அத்தனை கட்டை போட்டு வளர்க்கட்டும். இரண்டாவது விஷயத்தைத்தான் நீ கடைசி வரியில், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி எழுதியிருந்தாய். தாலி கட்டும்போது மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவது முடிச்சை அவன் கூடப்பிறந்தவள் போடுவது நம் வழக்கம். அந்த மூன்றாவது முடிச்சை உன் அக்கா பவுனு போட வேண்டாம், சித்தப்பா மகள் போடட்டும், பெண் வீட்டார் பிரியப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "அக்கா மனசு நோகாமல் நீங்கள் பார்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றும் எழுதியிருந்தாய். நோகாமல் எப்படிச் சொல்வது என்று நீ எழுதவில்லை. நானும் நாலைந்து நாள் யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.

உன்மேல் கோபமில்லை. நீ பட்டாளத்தில் இருந்தபோது அவள் கல்யாணம் நடந்தது. நீ பம்பாய் போன பிறகுதான் வழக்கு பட்டணம் போயிற்று. நடந்தது எதையும் நீ கண்ணால் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன், கேள்.

மாணிக்கம் பெண் கேட்டு வந்த அன்று, குரும்பலூரில் தனக்குச் சொந்தமாக ஒரு வீடும் ஒரு சைக்கிள் கடையும் இருக்கிறது என்றார். அத்தோடு, "மாமா, எனக்கு ஐயர் வேணாம், மந்திரம் வேணாம். மேடை போட்டு, மாலை மாத்தி, தாலி கட்டிக்கிறேன். சம்மதமா?" என்று கேட்டார். உன் அம்மா முகம் சுருங்கிப் போயிற்று. நான் மட்டும் ஏன் உடனே தலையாட்டினேன் என்று நினைக்கிறாய்? சீர்திருத்தத்தில் பெரிய பிடிப்பு என்று நினைத்துவிடாதே. "நீங்கதான் தலைமை தாங்கணும்" என்றார் அவர். ஃபோர்த் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனை, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவனை, தலைமை தாங்கு என்று அதுவரை யார் கேட்டார்கள்? அடுத்தவன் மேடைக்கு வெளிச்சம் பிடித்தே பழகிப்போனவன் நான். அன்றைக்கு நானே மேடையில் ஏறி, பெண்ணுரிமை பற்றிப் பேச ஆரம்பித்தேன். சாம்பார் ஆறிப்போயிற்று. சமையல்காரர் கரண்டியோடு வந்து மேடைக்கு எதிரே நின்ற பிறகுதான் முடித்தேன். சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். எனக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து, மேடைக்கு நேர் மேலே ஒரு பெரிய பெட்ரோமாக்ஸைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். குத்துவிளக்குக்கூடக் கிடையாது. அந்த ஒரு விளக்குதான்.

மாணிக்கத்துக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால் அவருடைய அண்ணன் பெண்சாதிதான் முன்னால் வந்து, "நான் போடுறேன், எங்கொழுந்தன் கல்யாணத்துல நான் போடாம வேற யாரு?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது முடிச்சைப் போட்டாள். அதை எல்லோரும் பார்த்தோம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மூன்று வருஷம் நன்றாக வாழ்ந்தார்கள். குழந்தை இல்லை என்பதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. டைபாய்டு வந்து மாணிக்கம் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவருடைய அண்ணன், வீடும் கடையும் தனக்கு என்றார். "உன் மக எந் தம்பிக்குப் பொண்டாட்டியே இல்ல. ஐயர் வந்தாரா? அக்கினி வளத்தாங்களா? சும்மா மாலை மாத்திக்கிட்டா அது நாடகம்" என்று குரும்பலூர்க் கடைத்தெருவில் நின்றுகொண்டு சொன்னார். கல்யாணத்தன்று இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

அரியலூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். நம் வக்கீல் நல்லவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குத்துவிளக்கு ஏத்தி வெச்சிருந்தோம், பொண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுத்தி வந்தாங்கன்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு குத்துவிளக்கு கூடுதலாக எரிந்ததாகச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்கு வந்து பவுனுவிடம் சொன்னேன். அவள் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"அப்பா, அவர் இருந்தப்ப வேணாம்னு சொன்னதை, இல்லாதப்ப அவர் தலையில கட்டாதீங்க."

"வீடு போயிடுமேம்மா."

"போனாப் போவட்டும். நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தது அந்த மேடையில. வேற ஒரு கல்யாணத்தை நீங்க ஜோடிச்சுச் சொல்லி, அதுல நான் ஜெயிச்சா, அப்ப அவரு கட்டுனது எது?"

ஆகவே கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல், "அக்கினி இருந்ததா?" என்று கேட்டார். "இருந்துதுங்க. பெட்ரோமாக்ஸ் இருந்துது" என்றேன். கோர்ட்டே சிரித்தது. வேண்டுமென்று சொன்னதல்ல. நெருப்பு என்று அங்கே வேறு ஒன்றும் இல்லையே. நம் வக்கீல் கெட்டிக்காரர். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து அதையே பிடித்துக்கொண்டார். "நெருப்பு நெருப்புத்தான், கண்ணாடிக்குள் எரிந்தால் என்ன, கட்டையில் எரிந்தால் என்ன" என்று ஒரு போடு போட்டார். அடுத்து மாணிக்கத்தின் அண்ணன் பெண்சாதி கூண்டில் ஏறினாள். "நீதானே அம்மா மூணாவது முடிச்சுப் போட்டது?" என்று கேட்டார்கள். அவள் பவுனுவைப் பார்க்காமல், "கூட்டமா இருந்துதுங்க. எனக்கு நெனப்பு இல்லீங்க" என்றாள். அப்போது பவுனுவின் முகத்தைப் பார்த்தேன். வீடு போகும் என்று சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

முன்சீப், பவுனு மனைவிதான் என்றார். திருச்சி சப் கோர்ட்டு, இல்லை என்றது. அப்பீல் பட்டணத்துக்குப் போயிற்று. ஹைகோர்ட்டில் ஒரு முடிவு கிடைத்துவிடும் என்று நான் நம்பினேன். அங்கே படித்தவர்கள் அல்லவா இருக்கிறார்கள்? சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். கூட வந்த வக்கீல் குமாஸ்தா, "பெரியவரே, இது கோயில் இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு ஜட்ஜ்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு அவ்வப்போது பெட்ரோமாக்ஸ் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. அது வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குமாஸ்தா காதோரம் வந்து அர்த்தம் சொன்னார். வலப்பக்கத்து ஜட்ஜ், சாஸ்திரம் சொன்ன சடங்கு இல்லாமல் கல்யாணம் என்ற ஒன்றே இல்லை, இப்படி ஆளாளுக்கு ஒரு மேடை போட்டால் குடும்பம் என்பது என்ன ஆகும் என்று கேட்டாராம். இடப்பக்கத்து ஜட்ஜ், காலம் மாறிவிட்டது, ஊரார் முன்னால் இவளை மனைவியாக ஏற்றான், அதற்கு மேல் என்ன வேண்டும், பழைய ஏட்டைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுவது என்றாராம். அவர் இவரைப் பார்த்துச் சொல்ல, இவர் அவரைப் பார்த்துச் சொல்ல, வக்கீல்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவே வேலையில்லாமல் போயிற்று. பவுனு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டி, ராத்திரி ரயிலில் கண் மூடாமல் வந்தவள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்பி, இந்தப் பெண்தானா அது என்று பார்ப்பார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கவில்லை.

தீர்ப்பு அன்று ஒருவர் ஆம் என்றார், ஒருவர் இல்லை என்றார். இரண்டு பேரும் மாறிச் சொன்னால் மூன்றாவது ஜட்ஜிடம் போக வேண்டுமாம். போயிருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது. இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், அதே வாரத்தில், அதே கட்டடத்தில், அடுத்த ஹாலில் வேறு இரண்டு ஜட்ஜ்கள் இதே மாதிரி ஒரு கல்யாணத்தை, மாலை மாற்றின கல்யாணம்தான், செல்லும் என்று இரண்டு பேரும் ஒரே குரலாகச் சொல்லியிருக்கிறார்கள். குமாஸ்தா, ரயில் தவறிப்போனவனுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "நம்ம கேசு அந்த ஹாலுக்குப் போயிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். இரண்டு ஹாலுக்கும் நடுவே ஒரு வராந்தாதான். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் போனால் என் மகள் மனைவி, இந்தப் பக்கம் வந்தால் இல்லை. புத்தகம் ஒன்று, சட்டம் ஒன்று என்கிறார்கள். இருக்கலாம். திறப்பவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்பது அவர் வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவாகிவிட்டிருக்கிறது. நம் வக்கீலே சொன்னார்: "எந்த ஜட்ஜ்னு தெரிஞ்சாப் போதும், தீர்ப்பை நானே எழுதிக் குடுத்துடுவேன்." அப்படியானால் நாங்கள் எதற்காக ரயிலேறி வந்தோம்?

ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு நம் வீட்டு ஞாபகம்தான் வந்தது. நம் வீட்டிலும் இரண்டு ஹால் இருந்தது, நினைவிருக்கிறதா? நீ திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போக வேண்டுமென்றால் முதலில் உன் அம்மாவிடம் கேட்பாய். அவள் வேண்டாம் என்றால் என்னிடம் அப்பீல். நான் போ என்பேன். நீ போகலாமா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, துணைக்கு யார் வருகிறார்கள் என்று நான் என்றைக்காவது விசாரித்தேனா? உன் அம்மா வேண்டாம் என்றாள். அது ஒன்று போதும் எனக்கு. நீ பக்கத்தில் நிற்கும்போதே உன்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னேன். உன் அம்மாவும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. நீயும் பவுனுவும் எந்தக் காரியத்தை எந்த ஹாலுக்குக் கொண்டுபோவது என்று கற்றுக்கொண்டு பிழைத்தீர்கள். அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஜட்ஜாக இருக்க எனக்கும் தகுதி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாளைக்கு உனக்கும் வீடு, பிள்ளைகள் என்று வரும். பெண்டாட்டி எதிரே இருக்கும்போது, கேட்க வந்து நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார். நான் உனக்குச் சொல்லத் தெரிந்த புத்தி இவ்வளவுதான்.

இனி போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தி ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். முந்திரிக்கொட்டை ஒரு மூட்டை கொண்டுவந்தார். நல்ல மனிதர், குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் பந்தலையும் சமையலையும் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. பவுனு தங்கமான பொண்ணு. ஆனா புருசன் போனவ. தாலிக் கயித்தத் தொட்டா எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒரு மாதிரியா நெனப்பாங்க."

"புருசன்னு நீங்க சொல்றீங்க. ஹைகோர்ட்டுல பாதி அப்படிச் சொல்லலியே" என்றேன்.

"அது கோர்ட்டு விவகாரங்க. ஊருக்குத் தெரியாதா, அவ மாணிக்கம் பொண்டாட்டிதான்னு?"

"ஊருக்குத் தெரிஞ்சுதா? அப்ப கூண்டுல ஏறி அதைச் சொல்ல ஊருல ஒருத்தரும் வரலியே, சம்பந்தி. வீடு குடுக்கணும்னா அவ பொண்டாட்டி இல்ல. முடிச்சுப் போடணும்னா மட்டும் அவ தாலியறுத்தவளா?"

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எனக்கு ஜாடை காட்டினாள். அந்நேரம் பார்த்துப் பவுனு மோர்ச் செம்போடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சம்பந்திக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சிரித்த முகமாகவே சொன்னாள்:

"மாமா, மூணாவது ஜட்ஜ் தீர்ப்பு இன்னும் வரலீங்க. அதுவரைக்கும் நான் கல்யாணம் ஆனவளா ஆகாதவளான்னு இந்த ஜில்லாவுல ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அதனால தீர்ப்பு வர்றதுக்குள்ள கல்யாணத்தை வெச்சுடுங்க. நான் முடிச்சைப் போட்டுட்டுப் போயிடுறேன்."

சம்பந்திக்கு மோர் புரையேறிவிட்டது. உன் அம்மா ஓடிவந்து தலையில் தட்டினாள். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லாப் பேசுதுங்க உங்க பொண்ணு" என்றார். போகும்போது வாசலில் நின்று, "மாப்பிள்ளையையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படுறேன். எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் சொன்னேனே, நல்ல மனிதர்.

அவர் தலை மறைந்ததும் பவுனு, "சும்மா வாய்த்துடுக்கா சொன்னேம்பா. சித்தப்பா மவளே போடட்டும். எனக்கென்ன, யார் போட்டா என்ன, தம்பி நல்லா இருந்தாச் சரி" என்றாள். நல்ல வேளை, பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு நிமிஷம் எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகையால் இந்த வீட்டிலும் இப்போது கேஸ் ஆளுக்கொன்றாகத் தீர்ப்பாகியிருக்கிறது. சம்பந்தி ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். உன் அம்மா, "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குங்க" என்கிறாள். அவளையும் பட்டணத்துக்கு அனுப்பிவிடலாம். மூன்றாவது ஆள் நீதான். அந்தக் கடைசி வரியை இதெல்லாம் தெரியாமல் எழுதினாய், இப்போது கேட்டுவிட்டுச் சொல். உனக்கு இதை எழுதும்போது நானும் அந்த ஜட்ஜ்கள் மாதிரி சம்பந்தியைப் பார்த்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் என் கட்சியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நேற்றுப் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

உன் கல்யாணத்துக்காகப் பழைய விளக்குகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறோம். பவுனு கல்யாணத்துக்குக் கட்டின அந்தப் பெரிய பெட்ரோமாக்ஸும் அதில் இருக்கிறது. நேற்று மத்தியானம் விளக்குக்குள் எரிகிற மாண்டில் வலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பவுனு கூடத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த விளக்கை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். துடைக்கிறாள் என்று நினைத்தேன். கையில் ஒரு மஞ்சள் நூல். விளக்கின் கைப்பிடியில் நூலைச் சுற்றி, இரண்டு முடிச்சு முதலிலேயே போட்டு வைத்துவிட்டு, அவற்றின் மேல் மூன்றாவதை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக விழவில்லை போலிருக்கிறது. அவிழ்த்தாள், மறுபடி போட்டாள், இழுத்துப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பித் தெருவுக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்து இருமிக்கொண்டே உள்ளே வந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள்.

நூல் விளக்கிலேயே இருந்தது. விளக்கைத் துடைக்க வேண்டுமே என்று அவிழ்க்கப் பார்த்தேன். முதல் இரண்டும் தளர்ச்சியாகத்தான் இருந்தன. மூன்றாவது என் நகத்துக்கு அசையவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாமல் பதில் போடு.

உன் அப்பா